கழுத்தில் இரண்டு நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய்: அறுவடை முடியும் வரை கதிர்வீச்சைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி (மன்னார்குடி அருகில் இருந்து):
வெற்றிலையோடு புகையிலை போட்டுவந்த என் தந்தைக்கு (வயது 61) இடது கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோயை 18 நாள்களுக்கு முன் அறுவை செய்து அகற்றினார்கள். கழுத்தில் நெறிகட்டும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் அப்போதே எடுத்தார்கள். தொட்டால் ஒரு கட்டியும் தட்டுப்படாத கழுத்தை ஏன் திறந்தார்கள் என்று அவர் இன்னமும் கேட்கிறார். 32 நிணநீர்க் கணுக்களில் 2இல் நோய் உள்ளது, பெரியது 1.4 செ.மீ., உறையைத் தாண்டவில்லை, வெட்டு விளிம்புகளில் நோய் இல்லை என்கிறது அறிக்கை. கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொல்கிறார்கள். தாளடி அறுப்பு முடியட்டும், மாசிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் அப்பா. காத்திருக்கலாமா? கணுவுக்குப் பரவிவிட்டால் பிழைப்பது அரிதா?

பதில் 1 (நோய்க்குறியியல் துறையில் பணிபுரிபவர், தஞ்சாவூர்):
ஐயா, காத்திருக்க வேண்டாம். அறுவை நடந்த நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும் என்பதே நடைமுறை. அதில் உங்களுக்கு 24 நாள்களே மீதம்.

கைக்குத் தட்டுப்படாத கணுவிலும் நோய் ஒளிந்திருக்கும் என்பதற்குத் தங்கள் தந்தையின் அறிக்கையே சான்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளுக்குக் கழுத்துக் கணுக்களை முதல் அறுவையிலேயே எடுத்தபோது மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 விழுக்காடாகவும், கட்டி தெரிந்த பிறகு எடுத்தபோது 67.5 விழுக்காடாகவும் இருந்தது.

கணுவில் நோய் இருந்தால் உயிர்வாழும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. நுண்ணோக்கியில் நாங்கள் மிகவும் அஞ்சித் தேடுவது, நோய் கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்பதைத்தான். தங்கள் தந்தைக்கு அது இல்லை, விளிம்புகளும் சுத்தமாக உள்ளன. உறை கிழிந்திருப்பது, விளிம்பில் நோய் இருப்பது ஆகிய இரண்டில் ஒன்று இருந்தால்தான் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் பொதுவாகச் சேர்ப்பார்கள்.

பதில் 2 (கும்பகோணம்):
தம்பி, என் அம்மாவுக்கும் இதே சிகிச்சைதான் நடந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 முறை வைத்தார்கள். முதலில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடும் பல்லை முன்பே எடுத்துப் புண் ஆற விட வேண்டும், பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். மூன்றாம் வாரம் வாயெல்லாம் வெந்து, மோர் விட்டுக் கரைத்த கஞ்சியைக்கூட அம்மா அழுதுகொண்டே விழுங்கினார். அப்போதும் நாங்கள் நிறுத்தவில்லை. கழுத்துக் கணுக்களை எடுத்ததால் கொடியில் சேலை போடக் கை தூக்க முடியாமல் இருந்தது, தோளுக்கான பயிற்சியில் மெல்லச் சரியானது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அறுப்பைச் சித்தப்பா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை பல் மருத்துவரிடம் புறப்படுகிறோம்.