ரூட் கேனாலில் கையால் போடும் ஃபைலா, ரோட்டரியா: கிருமி எதில் அதிகம் போச்சு?

முதுநிலை மாணவி:
என் ஆய்வே இதுதான். பிடுங்கிய பற்களுக்குள் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் வளர்த்தோம். சிகிச்சை தோற்றுப்போன பற்களில் அடிக்கடி கண்ணில் படுகிற கிருமி அது. ஃபைல் என்பது வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுரண்டும் மெல்லிய உலோகக் கருவி. சில பற்களைக் கையால் திருகும் எஃகு கே-ஃபைலாலும், சிலவற்றை மெஷினில் சுழலும் நிக்கல் டைட்டானியம் ஃபைலான ரோட்டரியாலும், மீதியை முன்னும் பின்னுமாகச் சுழலும் ஒற்றை ஃபைலாலும் தேய்த்தோம். அப்புறம் பேப்பர் பாயிண்ட் என்ற மெல்லிய காகிதக் குச்சியை விட்டு மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தோம். மூன்றிலும் கிருமி வெகுவாகக் குறைந்திருந்தது; எதிலும் முழுசாகப் போகவில்லை. சொல்லப்போனால், ஃபைலுக்கு ஃபைல் இருந்த வித்தியாசத்தைவிடப் பல்லுக்குப் பல் இருந்ததுதான் பெரிது.

காரணம் எளிது. ஃபைல் வட்டமாகச் சுழலும். கால்வாயோ பல இடங்களில் முட்டை வடிவம், நடுநடுவே மெல்லிய இணைப்புகள் வேறு. 2001-இல் பீட்டர்ஸ் என்பவரின் ஆய்வுக் குழு, மிக நுணுக்கமான எக்ஸ்-ரே ஸ்கேனான மைக்ரோ சி.டி.யில் பார்த்தபோது, எந்த முறையில் செய்தாலும் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் படாமலே இருந்தது.

பல் மருத்துவர்:
கிளினிக்கிலும் அதேதான். வளைந்த வேரில் ரோட்டரி கால்வாயின் போக்கை விட்டு விலகாது, கையும் வலிக்காது. ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் ஒடியும். எனக்கு உறுத்துவது அதன் வேகம். ஒற்றை ஃபைலில் வேலை சீக்கிரம் முடிகிறது, சரி; கால்வாயைக் கழுவும் ப்ளீச் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு நேரம் எங்கே? கிருமியைக் கொல்வது அதுதானே, உலோகமா கொல்கிறது? அதனால் வடிவம் கொடுத்த பிறகும் கழுவிக்கொண்டே இருப்பேன். 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசலை விட்டு, ஃபைல் தேய்த்த துகள் சுவரில் அப்பிய படலத்தைக் கரைத்து, அல்ட்ராசோனிக் அதிர்வால் திரவத்தை அசைத்துவிடுவேன். கால்வாயின் நுனியை ரொம்பக் குறுகலாக விட்டால் கழுவும் ஊசி அங்கே இறங்காது. அப்படியானால் எந்த கம்பெனி ஃபைலாக இருந்தும் புண்ணியமில்லை.

மறுசிகிச்சை செய்துகொண்டவர்:
நாற்காலியில் படுத்திருந்தவனாக ஒன்று. மெஷின் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. அதன் பிறகு வெகுநேரம் ரப்பர் ஷீட்டுக்கு மேலே ப்ளீச்சிங் பவுடர் வாசனைதான். இவ்வளவு நேரம் ஏன் தண்ணீர் பீய்ச்சுகிறார் என்று உள்ளுக்குள் எரிச்சல். இப்போதுதான் விஷயம் புரிகிறது. எனக்கு உள்ளே ஏதோ மருந்து வைத்து மூடி, மறுபடி வரச் சொன்னார்கள். அது எதற்கு?

முதுநிலை மாணவி:
பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடாக இருக்கும். கழுவியும் தப்பிய கிருமியை அதன் கடும் காரத்தன்மை கொல்லும். ஃபீகாலிஸ் மட்டும் தன் செல்லுக்குள் புரோட்டானை இழுத்து அந்தக் காரத்தைச் சமாளிக்கும். பல்லின் நுண்குழாய்களுக்குள் வேறு போய் உட்கார்ந்துகொள்ளும். மறுசிகிச்சையில் கழுவும் கட்டத்தை அவசரமாக முடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.