வடமாநிலப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரித்துக் காட்டப் படிவம் தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பாதிக்கு மேல் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள். அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் தமிழில் பெரும்பாலோர் அரும்பு, அதாவது தொடக்க நிலை. கணக்கில் அதே பிள்ளைகள் மலர், அதாவது மேல் நிலை! வாழ்க்கைக் கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் மட்டும் சறுக்குகிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் அதையடுத்து வரும் சூரிய வழிபாடான சத் பூஜை முடிந்துதான் சிலர் திரும்புவார்கள். வெறும் சராசரியைப் பார்த்தால் பள்ளியே மோசம் என்றுதான் தோன்றும்.

எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) உள்ள தாய்மொழி, சேர்ந்த தேதியை வைத்துக் கற்றல் நிலையைப் பிரித்துக் காட்டும் எக்செல் படிவம் யாரிடமாவது இருக்கிறதா? ஒடியா, இந்தி தெரிந்தவர்கள் செய்த படச் சொல் அட்டைகள் இருந்தாலும் அனுப்புங்கள். தனி வரிசையில் உட்கார வைக்க மட்டும் சொல்லாதீர்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை.