செந்திலின் இரண்டாவது வீடு: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

செந்தில் (காலை 7:40): அனைவருக்கும் வணக்கம். பெருங்களத்தூரில் எட்டு ஆண்டு பழைய அடுக்குமாடி வீடு ஒன்று 60 லட்சத்துக்கு வந்திருக்கிறது. குடியிருக்க அல்ல, வாடகைக்கு விடுவதற்காகவே வாங்க நினைக்கிறேன். மாதம் 16,000 ரூபாய் வாடகை வரும் என்கிறார்கள். 80 சதவீதம் வங்கிக் கடன் கிடைத்தால் என் கையிலிருந்து 12 லட்சம் போட்டால் போதும் என்பது என் கணக்கு. பெரியப்பா, சரிதானா?

பெரியப்பா (8:05): பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறாய். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு. அவ்வளவும் கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதத்தை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அது மட்டுமே 5 லட்சத்து 40 ஆயிரம். ஆகவே 17 லட்சத்து 40 ஆயிரம் உன் கையில் இருக்க வேண்டும். தரகுக் கூலி தனி.

செந்தில் (8:11): அதற்கும் தரகர் ஒரு வழி சொல்கிறார். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 42 லட்சம்தானாம். பத்திரத்தில் அதைக் காட்டிவிட்டு மீதி 18 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் பதிவுச் செலவில் 1 லட்சத்து 62 ஆயிரம் மிச்சமாகுமாம்.

பெரியப்பா (8:30): அந்த மிச்சத்தை நம்பி வந்து, கடைசியில் கடன் போதாமல் முன்பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பலரை என் வங்கிக் கிளையிலேயே பார்த்திருக்கிறேன். பத்திரத் தொகை, வங்கி மதிப்பீட்டாளர் போடும் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் கடன் கணக்கிடப்படும். 42 லட்சத்துக்கு 80 சதவீதம் 33 லட்சத்து 60 ஆயிரம். விலையில் மீதி 26 லட்சத்து 40 ஆயிரத்தோடு பதிவுச் செலவு 3 லட்சத்து 78 ஆயிரத்தையும் கூட்டினால் நீ புரட்ட வேண்டியது 30 லட்சத்துக்கும் மேல். தவிர, வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். ரொக்கம் வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு தொகை அபராதம், உனக்கோ பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

மலர் (8:42): அண்ணா, விற்கும்போதும் அடி விழும். சில ஆண்டு கழித்து 70 லட்சத்துக்கு விற்றால், பத்திரப்படி வாங்கிய விலை 42 லட்சம் என்பதால், உங்களுக்கு வராத லாபமான 18 லட்சத்துக்கும் சேர்த்து 12.5 சதவீதம் வரி, அதாவது 2 லட்சத்து 25 ஆயிரம், கூடுதலாகக் கட்டுவீர்கள். இன்றைய மிச்சத்தை விட அது அதிகம்.

அத்தை (8:50): பணம்தான் தடையென்றால் என் நகையை அடகு வைத்துத் தருகிறேன், கண்ணு.

பெரியப்பா (8:58): வேண்டாம், தங்கச்சி. 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 41,650 ரூபாய். வாடகை போக, பராமரிப்புச் செலவு சேர்க்காமலே, ஏறத்தாழ 25,650 அவன் சம்பளத்திலிருந்து போகும். இப்போதிருக்கும் வீட்டுக் கடன் தவணையோடு இதையும் கூட்டித்தான் வங்கி அவனை எடைபோடும். அதன் மேல் நகைக்கடன் வட்டியுமா?

செந்தில் (9:04): வட்டிக்கு வரிச் சலுகை உண்டே?

மலர் (9:10): பழைய வரி முறையில் இருந்தால்தான், வாடகையை மிஞ்சிய வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். நீங்கள் புதிய முறைக்கு மாறிவிட்டீர்கள். அதில் வாடகை வருமானம் வரைதான் கழியும், மிஞ்சுவது வீண். முழு விலையில் பதிந்தால் 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு.

செந்தில் (9:25): உரிமையாளரிடமே பேசினேன். 60 லட்சத்தையும் பத்திரத்தில் காட்ட அவர் ஒப்பவில்லை. இந்த வீட்டை விட்டுவிடுகிறேன், பெரியப்பா. போனஸ் தொகையை இப்போதுள்ள கடனில் கட்டிவிடலாமா?

பெரியப்பா (9:33): தாராளமாகக் கட்டு, மாறுவட்டிக் கடனாதலால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. தவணையைக் குறைக்கச் சொல்லாதே, ஆண்டுகளைக் குறைக்கும்படி எழுத்தில் கேட்டு வாங்கு.