அதே கம்பெனியில் வேறு பதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் கிடங்கு ஆபீசில் கிளார்க், சிட்டிசன். அடிப்படைச் சம்பளம் 2,300 வெள்ளி, மாதம் 30 மணி ஓவர்டைம். உள்ளேயே பிளானிங் எக்ஸிகியூட்டிவ் வேலை வந்திருக்கு, 2,900 தருவாங்களாம். மேனேஜரிடம் முதலில் சொல்லணுமா?

பதில் 1: சொல்லிடுங்க. விண்ணப்பித்ததும் புது மேனேஜர் உங்க மேனேஜரைத்தான் முதலில் கேட்பார். வேறு யாரோ சொல்லி அவர் தெரிஞ்சுக்கிட்டா கசப்பாயிடும்.

அதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. ஒரு மணி நேரச் சம்பளம் = 12 மாதம் × 2,300 ÷ (52 வாரம் × 44 மணி), அதாவது 12.06 வெள்ளி. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 18.09. முப்பது மணிக்கு 543 வெள்ளி. ஆக இப்பவே 2,843 வருது! எக்ஸிகியூட்டிவுக்கு சட்டப்படி ஓவர்டைம் கிடையாது. கூடுதல் 57 வெள்ளிதான். வேலை நேரம் நீண்டா அதுவும் நஷ்டம். 3,200 கேளுங்க.

பதில் 2: ராஜினாமாக் கடிதம் மட்டும் கொடுத்துடாதீங்க. மாற்றல் கடிதம் வாங்குங்க. பழைய சேர்ந்த தேதி தொடரும்னு அதில் இருக்கணும். இல்லேன்னா ஆண்டு விடுப்பு சட்டக் குறைந்தபட்சமான 7 நாளுக்கே இறங்கலாம். பழைய இடத்திலிருந்து விடுவிக்கும் தேதியையும் எழுத்தில் கேளுங்க, பல மாற்றல் அங்கேதான் மாசக்கணக்கில் இழுக்குது.

பதில் 3: வேலை பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கும் நண்பர்களுக்கு: குழுமத்தின் வேறு கம்பெனிக்கு மாறினா, முதலாளியே மாறின கணக்கு. புது பாஸ் கிடைக்காம அங்கே வேலை தொடங்கக் கூடாது.