யாரும் வழக்குத் தொடராத சட்டத்தை நீக்கித்தான் ஆக வேண்டுமா?

தேவிபட்டினத்தான் (கேள்வி)

சட்டக் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது தொடங்கிய வாக்குவாதம் இன்னும் வீட்டில் ஓயவில்லை என்பதால் இங்கே கொண்டுவருகிறேன். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் ('இயற்கைக்கு மாறான' உடலுறவு, ஒருபால் உறவு உட்பட) 497-ஆம் பிரிவும் (பிறழ்மண உறவு, அதாவது அடுத்தவன் மனைவியோடு வைத்த உறவு) இடம்பெறவில்லை என்றும், வயதுவந்த இருவர் மனமொப்பி நாலு சுவருக்குள் நடந்துகொள்வதில் காவல்துறைக்கு வேலையில்லை என்பதை நாடு ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்றும் அவன் பெருமையாகச் சொன்னான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் தொண்டிக்கும் ஏர்வாடிக்கும் நடுவிலேயே அறுபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நான், இந்த இரண்டு பிரிவுகளின்கீழ் நம் பக்கத்தில் ஒருவர் சிறைக்குப் போனதாக ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. கரையேற்றிப் போட்ட பழைய வத்தையை (மரப்படகை) உடைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அது தானாக உளுத்துப்போகும். அப்படிக் கிடந்த சட்டங்களுக்காக இத்தனை ஆண்டு வழக்கும் வாதமும் எதற்கு?

இன்னொன்றும் உறுத்துகிறது. கணவன் வளைகுடாவிலும் மனைவி ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் நம் கடற்கரையில் ஏராளம். சட்டப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால், அதை யாரும் பயன்படுத்தாவிட்டாலும், 'இது தப்பு' என்று சொல்ல ஊருக்கு ஓர் ஆதாரம் இருக்கும். அதை அடித்துவிட்டால் 'இது சரி' என்று சொன்னதாகாதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

சேதுக்கரை வழக்குரைஞர்

ஐயா, உங்கள் வாதத்தை உச்ச நீதிமன்றமே ஒருமுறை எடுத்துப் பேசியிருக்கிறது. 377-ஆம் பிரிவு வயதுவந்தவர்களின் இசைவான உறவுக்குப் பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் சொன்னதை, 2013 டிசம்பர் 11 அன்று சுரேஷ் குமார் கௌஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அப்போது காட்டிய காரணங்களுள் ஒன்று, நூற்றைம்பது ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவானவர்கள்மீதே இந்தப் பிரிவில் வழக்கு நடந்திருக்கிறது என்பதுதான். பாதிக்கப்பட்டவர்கள் சொற்பம், ஆகவே சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற அந்தக் கணக்கை, 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளிவிட்டார்கள். மேல் நீதிமன்றம்வரை வந்த வழக்குகளை மட்டும் எண்ணினால் சட்டத்தின் அளவு தெரியாது. 2001-இல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் சிலரை இந்தப் பிரிவைக் காட்டித்தான் பிடித்து வாரக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள்.

சட்டம் தானாக உளுத்துப்போகும் என்பதற்கும் ஒரு கோட்பாடு இருக்கிறது. பாரத் ஃபோர்ஜ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நெடுங்காலம் பயன்படுத்தாமல் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு மாறான நடைமுறையும் நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டும். அதை யார் நிரூபிப்பது? பிடிபட்டவர், கையில் பிணைமனுவோடு, நிரூபிக்க வேண்டும்.

நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பிறகுகூடச் சில பிரிவுகள் எழுந்து நடமாடுகின்றன. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செத்துப்போனது. இனி யார்மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது, ஏனென்றால் நிலையங்களில் இருந்த புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. தீர்ப்பு வந்தால் போதாது, சட்டமன்றமோ நாடாளுமன்றமோ எழுத்தையே நீக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

'சரி என்று சொன்னதாகாதா' என்ற கேள்விக்கு: ஆகாது. பிறழ்மண உறவு இந்து திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் இன்றும் மணவிலக்குக்குக் காரணம்தான். படைவீரர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க, 497-ஐ ரத்துசெய்த 2018 தீர்ப்பு தடையில்லை என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் இருப்பவருக்கு ஒரு விதி, வேலிக்கு வெளியே மீன் வாங்கிக்கொண்டிருக்கும் நமக்கு வேறு விதி.

தொண்டிக்காரி

தேவிபட்டினம் அண்ணன் பெண்களை நினைத்துக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார் என்பது புரிகிறது. ஆனால் 497-ஐ ஒருமுறை முழுதாகப் படித்தால் அந்தக் கவலைக்கு அங்கே இடமே இல்லை என்பது தெரியும். அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு ஐந்தாண்டுவரை சிறை. புகார் கொடுக்கக்கூடியவன் அந்தப் பெண்ணின் கணவன். கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. கைவிடப்பட்ட மனைவி புகார் கொடுக்க வழியே கிடையாது. வயல்காட்டில் ஆடு மேய்ந்துவிட்டால் நிலக்காரன் கேட்பதுபோல எழுதப்பட்ட பிரிவு அது. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் அதை ரத்துசெய்தபோது நீதிபதிகள் சொன்னதன் சாரமும் இதுதான்.

அதில் இன்னொரு வால் உண்டு, வளைகுடாக் குடும்பங்களுக்கென்றே தைத்ததுபோல. கணவன் ஊரில் இல்லாதபோது, அவன் சார்பில் அந்தப் பெண்ணைப் பராமரித்துவந்தவர் நீதிமன்ற அனுமதியோடு புகார் கொடுக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198-ஆம் பிரிவு சொன்னது. எனக்கு வேண்டிய ஒரு பெண்ணின் கொழுந்தன் இதை எங்கேயோ கேட்டுவைத்துக்கொண்டு, அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரரை உள்ளே தள்ளுவேன் என்று இரண்டு வருடம் மிரட்டினான். அவர்களுக்குள் ஒன்றுமே இல்லை. அவனுக்கு வேண்டியது அவள் பெயரில் இருந்த வீட்டுப் பட்டா. மழைக்காலத்திலும் பிள்ளைகள் பைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார்கள், ஆட்டோக்காரர் அந்தத் தெருப்பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. ஆகவே அண்ணனுடைய கணக்கில் இது வராது. வத்தை உளுத்தாலும் ஆணி இருக்கிறது, அண்ணே. பிள்ளைகள் விளையாடுவது அதன் நிழலில்தான்.

சட்டம் போனாலும் ஊர்க்கூட்டம் இருக்கிறதே என்பது தனிக் கேள்வி. தண்டம் விதிப்பதும், ஊரை விட்டு விலக்குவதும், கடலுக்குப் போகக் கூடாது என்று தடுப்பதும் அங்கே நடப்பவைதான். சாதி, மதம் மாறி மணப்பவர்கள்மீது கொடுமை செய்யத் தூண்டுவதும், மக்களின் சொந்த வாழ்க்கையில் தலையிடுவதும் முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்தைப் பெயர் சொல்லியே கண்டித்தது. நம் கரையில் அந்தத் தீர்ப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

ஓய்வுபெற்ற ஏட்டு

காவலர்கள் எல்லாரும் மிரட்டிப் பிழைப்பவர்கள் என்ற தொனி வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இரவு பத்து மணிக்கு இருபது பேர் திரண்டு வந்து 'அவனைப் பிடித்து உள்ளே வை' என்று நிலைய வாசலில் நிற்கும்போது, பிரிவு இல்லை என்று சொல்லித் திருப்பியனுப்புவது எளிதில்லை. அந்த நேரத்தில் பழைய பிரிவுகள் எங்களுக்கு ஒரு சாக்காக இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாக்கு இல்லாமல் போனது நல்லதுதான்.

ஆனால் நீக்கிய விதத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2018 தீர்ப்பு 377-ஐ முழுக்க எடுக்கவில்லை. இசைவு இல்லாமல் செய்தால் குற்றம் என்ற பகுதியை விட்டுவைத்தது. புதிய சன்ஹிதா பிரிவையே விட்டுவிட்டது. தங்கல் தொழிலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றை நினைத்துப்பாருங்கள். நாள்கணக்கில் கடலில் ஏழெட்டுப் பேர். அதில் இருபது வயதுப் பையனை வயதில் மூத்தவன் வலுக்கட்டாயம் செய்துவிட்டான். பதினெட்டு வயதுக்குக் கீழென்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது. இருபது வயது என்பதால் இன்று காயம், அடைத்துவைத்தல் என்று ஏதோ எழுதி ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. நடந்ததன் பெயரை எழுத வழியில்லை. பாலியல் வல்லுறவு என்ற பிரிவு பெண்ணுக்கு மட்டும்தான். தில்லி உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் இதைச் சுட்டிக்காட்டி ஒன்றிய அரசை முடிவெடுக்கச் சொன்னது. களை பிடுங்கப் போனவன் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிய கதை இது.

சேதுக்கரை வழக்குரைஞர்

ஏட்டு ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் அந்த வழக்குகள் தப்பும். அதற்குப் பிந்தியவற்றுக்கு ஓட்டை இருக்கிறது. இசைவை அளவுகோலாக வைத்து எழுதியிருந்தால், ஒரே வரியில் இரண்டு வேலையும் முடிந்திருக்கும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 497-ஐ விட்டவர்கள், மணமான பெண்ணை ஆசைகாட்டி அழைத்துச் செல்வது பற்றிய பழைய 498-ஐ 84-ஆம் பிரிவாகப் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தொண்டிக்காரி அம்மா சொன்ன நிலக்காரன் இன்னும் காலிசெய்யவில்லை.

பாம்பன் கரையோரம்

எங்கள் அம்மாவின் வழி உறவு இலங்கையின் மன்னாரில் இருப்பதால் அக்கரைச் சேதி கொஞ்சம் தெரியும். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே ஒருபால் உறவைக் குற்றமாக்கும், 1883-ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. 1995-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். எப்படி என்றால், ஆண் என்று இருந்த சொல்லை எடுத்துவிட்டு யாராயினும் என்று பொருள்படும்படி மாற்றினார்கள். அதாவது அதுவரை வெளியே இருந்த பெண்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள்! நீக்குவதற்கான தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே 9 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியும், 2024-இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அது காலாவதியாகிவிட்டது. சும்மா கிடக்கும் சட்டம் சுருங்கத்தான் செய்யும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கோபுரவாசல் மேலாளர்

இராமேசுவரம் தீவுக்குள் ஒரு சிறிய தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் பல வருடம் இருந்தவன் நான். எங்கள் பதிவேட்டில் பெயர், ஊர், ஆதார் எண் எல்லாம் எழுதிய பிறகு 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் உண்டு. தை அமாவாசைக் கூட்டத்தில் அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கூட்டமில்லாத நாளில்தான் அதற்கு உயிர் வரும். பாம்பன் பாலப் பணியால் இரயில் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்த காலத்தில், கடைசிப் பேருந்தில் நனைந்துகொண்டு வந்த ஒரு பையனும் பெண்ணும் அதில் 'நண்பர்' என்று எழுதினார்கள். எழுதிய மை காயும் முன் சீருடையில் இருவர் வந்து அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை எங்கே, கேஸ் போடட்டுமா என்ற கேள்விக்கு அந்தப் பையன் பயந்து 2,000 ரூபாய் எடுத்து மேசையில் வைத்தான். என்ன பிரிவு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அந்தக் கட்டத்தை அச்சடித்து வைத்திருந்தது நாங்கள்தானே.

வழக்குரைஞர் ஐயா, 'என்ன பிரிவு' என்று அவர்களிடம் கேட்கும் உரிமை எனக்கு உண்டா?

சேதுக்கரை வழக்குரைஞர்

உண்டு. திருமணமாகாத வயதுவந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமன்று என்பதை 2010-இலேயே நடிகை குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்மீது தொடரப்பட்டிருந்த 23 புகார்களும் அந்தத் தீர்ப்போடு முடிந்தன. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய கோயம்புத்தூர் விடுதித் தீர்ப்பு. ஓர் அறையில் மணமாகாத இருவர் தங்கியிருந்தார்கள் என்பதைக் காரணம் காட்டி மூடி முத்திரையிட்ட விடுதியைத் திறந்துவிடச் சொன்ன நீதிபதி, அப்படித் தங்குவதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அடையாள அட்டை வாங்குங்கள்; இருவரும் பதினெட்டைக் கடந்தவர்களா என்று பாருங்கள்; யாராவது கட்டாயத்தின்பேரில் வந்ததாகத் தோன்றினால் தயங்காமல் தகவல் கொடுங்கள். உறவுமுறை கேட்கும்படி எந்தச் சட்டமும் உங்களிடம் சொல்லவில்லை.

தேவிபட்டினத்தான்

தங்கையிடம் ஆட்டோக்காரர் கதையைச் சொன்னேன். அப்படி இரண்டு குடும்பம் தனக்கே தெரியும் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். இத்தனை வருடம் என்னிடம் அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் சிரிக்கிறாள். ஏட்டு ஐயா சொன்ன ஓட்டையைப் பற்றி மருமகனிடம் கேட்டேன். அவனுக்கு அது தெரியாது.

கோபுரவாசல் மேலாளர்

நன்றி ஐயா. புதிய பதிவேட்டுக்கு அச்சகத்தில் இந்த வாரம்தான் சொல்ல வேண்டும். முதலாளியிடம் பேசியாயிற்று, அந்தக் கட்டம் இருந்த இடத்தில் வண்டி எண்ணைக் கேட்கலாம் என்கிறார்.