பர்கண்டியில் சைக்கிள் பயணம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் நானும் மனைவியும் பிரான்ஸின் பர்கண்டியில் நான்கு நாள் சைக்கிளில் சுற்றப் போகிறோம். போன் நகரிலிருந்து போமார், வொல்னே, மெர்சோ வழியாக சாந்தனே வரை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சுமார் 22 கி.மீ. பாதை. சென்ற மே மாதம் மெர்சோ வரை போய், மழையால் திரும்பிவிட்டோம். இடுப்பளவு கல்சுவர், அதற்குள் துளிர்விட்ட கொடிகள், டயரில் அப்பிய வெளிர் மண். ஒரு மணி நேரத்தில் இரண்டு கார்கூட வரவில்லை. அந்த அமைதிக்காகவே மறுபடி போகிறோம்.

கவலை அறுவடைதான். அந்தக் குறுகிய சிமெண்ட் பாதைகளில் டிராக்டர் நடமாட்டம் எப்படி இருக்கும்? விடிந்ததும் கிளம்பினால் போதுமா, இல்லை அக்டோபருக்குத் தள்ளிவிடலாமா?

அப்புறம், ஜிவ்ரியிலிருந்து பழைய ரயில் தடத்தில் போட்ட பாதையில் க்ளூனி வரை போக ஆசை. சாந்தனேயிலிருந்து ஜிவ்ரிக்கு, லாரி ஓடும் பெரிய சாலையைத் தொடாமல், ஏற்றம் குறைந்த வழி உண்டா? மனைவிக்கு முழங்கால் வலி. ஞாயிறு மதியத்துக்கு மேல் சின்ன ஊர்களில் கடை கிடைப்பது கஷ்டம். தண்ணீர் எங்கே பிடிக்கலாம்? போய் வந்தவர்கள் ஒரு வரி எழுதினாலும் பெரிய உதவி.