போர்க்கப்பல் ரேடார் திரையில் 'பகை 87%' என்று காட்டினால் போதுமா?

கிண்டி மாணவன்: இறுதியாண்டு ப்ராஜெக்ட். ரேடாரில் தெரியும் விமானம் நட்பா, பகையா, பயணிகள் விமானமா என்று கணித்து ஆபரேட்டருக்குச் சொல்லும் மென்பொருள் செய்கிறோம். சதவீதத்தைச் சிவப்பில் பெரிதாகக் காட்டினால் போதும், நெருக்கடியில் வேறெதையும் படிக்க நேரமிருக்காது என்கிறார் எங்கள் கைடு. சரியா?

தாம்பரம் பெரிசு: தம்பி, நான் கடற்படையில் ரேடார் முன்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன். நேரமிருக்காது என்பது உண்மைதான். ஆனால் "எதை வைத்துப் பகை என்கிறாய்?" என்று கேப்டன் ஹெட்செட்டில் கேட்டால், 87 என்றா பதில் சொல்வது?

1988 ஜூலை 3, அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸைப் பற்றிப் படியுங்கள். ஈரான் ஏர் 655 என்ற பயணிகள் விமானத்தைப் பகை என்று நினைத்துச் சுட்டதில் 290 பேர் போனார்கள். கப்பலின் ஏஜிஸ் என்ற போர்க் கணினியின் பதிவில் விமானம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்தவர்களோ இறங்கி வருகிறது என்றார்கள். பெரிய திரையில் உயரமே இல்லை. பக்கத்துச் சின்னத் திரையில் வெறும் எண். ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதுவும் சொல்லாது. போன எண்ணை மனதில் வைத்து இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். காதில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அதைச் செய்து பாருங்கள், தெரியும். ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாம், பாவிகள்!

ஆவடி புரோகிராமர்: அம்புக்குறி சரி, பெரியவரே. ஆனால் 2003 மார்ச்சில் ஈராக் போரில் பேட்ரியாட் என்ற அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பு பிரிட்டிஷ் டொர்னாடோ போர் விமானத்தை ஏவுகணை என்று வகைப்படுத்தியது. ஆட்கள் அதை நம்பிச் சுட்டார்கள், இருவர் இறந்தார்கள். அங்கே கணிப்பே தப்பு. அதற்கு என்ன செய்வது?

தாம்பரம் பெரிசு: அதற்குத்தான் எதிர்ச் சான்றையும் காட்டச் சொல்கிறேன். வின்சென்ஸுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை, நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி நடத்திய டாட்மஸ் ஆய்வில், ஒரு முடிவுக்கு ஆதரவானவை ஒரு பக்கம், ஒத்துவராதவை இன்னொரு பக்கம் என்று காட்டிப் பார்த்தார்கள்.

கிண்டி மாணவன்: நன்றி ஐயா. பயணிகள் விமான அட்டவணையையும் சேர்த்துவிட்டால் குழப்பமே வராதே?

தாம்பரம் பெரிசு: வின்சென்ஸிலும் அட்டவணை இருந்தது தம்பி, எடுத்தும் பார்த்தார்கள். விமானம் 27 நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. போதாக்குறைக்குக் கப்பல் பஹ்ரைன் நேரத்தில் ஓடியது, அட்டவணை ஈரான் நேரத்தில். நடுவில் அரை மணி நேரம். அதனால் நேரத்தைக் கறாராக ஒப்பிடாதீர்கள், முன்பின்னாக இடம் விடுங்கள். எவ்வளவு விடலாம் என்று மீனம்பாக்கத்தில் யாரையாவது கூட்டிவரப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.